பனி நாட்டில் நம் பிள்ளைகள்

நம் பேட்டைகளில் இப்போது ஒரு புதிய பேச்சு கேட்கிறது. ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் என்று எந்தத் தெருமுனையில் நின்றாலும் "பையன் ஜெர்மனிக்குப் போகிறான்", "பெண் நர்ஸ் வேலைக்கு ஜெர்மன் பாஷை படிக்கிறாள்" என்ற செய்தி காதில் விழுகிறது. பாட்டன் கண்டோன்மென்டில் கல் சுமந்தவர். தகப்பன் ரயில் பாதையில் கேங்மேனாக நின்றவர். பேரப்பிள்ளை ஐரோப்பாவுக்கு விமானம் ஏறுகிறான். உழைக்கும் குடும்பங்கள் இதில் பெருமைப்படுவது நியாயமே. நாமும் பெருமைப்படுகிறோம்.

ஆனால் வழியனுப்பும் வீடுகளில் கேட்கப்படும் கேள்விகளைக் கவனியுங்கள். சம்பளம் எவ்வளவு? விசா எத்தனை வருஷம்? மாதம் எவ்வளவு அனுப்ப முடியும்? தங்கை கல்யாணத்துக்கு முன் கடன் அடையுமா? எல்லாம் கேட்கிறோம். நவம்பர் மாதம் வந்தால் அங்கே என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மார்க்கெட்டில் ஒரு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் குளிர்காலத்துக்கான ஏற்பாடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம்.

ஸ்வெட்டர் விவகாரத்துக்கு ஒரு சங்கப் பத்திரிகையின் தலையங்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பனி ஏழை, பணக்காரன் பார்த்துப் பெய்வதில்லை. ஆனால் யார் சூடான அறையில் இருப்பது, யார் விடிகாலை நான்கு மணிக்குப் பேருந்துக்காகத் தெருவில் நிற்பது என்பதைக் கூலியும் வாடகையும் குடியுரிமைச் சட்டமும்தான் தீர்மானிக்கின்றன. கூலியும் வாடகையும் சட்டமும் வந்துவிட்டால் அது நம் பத்திரிகையின் விஷயம்தான்.

குளிர் தேடி வந்தவர்களின் கதை நமக்குப் புதிதல்ல. 1809-இல் வெள்ளையன் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைத்தபோது, மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் இந்த ஊரின் குளிர்ச்சி தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அவனுக்குச் சமைக்கவும் துணி வெளுக்கவும் கட்டடம் கட்டவும் வட ஆற்காடு, சேலம், தர்மபுரிச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். வெயிலில் வளர்ந்த உடம்பு மார்கழிப் பனியில் நடுங்கியது. 1884 ஜனவரி 13 அன்று இந்த ஊரில் வெப்பம் 7.8 டிகிரிக்கு இறங்கியது என்பது பதிவான கணக்கு. அன்று பங்களாவில் கணப்புக்கு அருகே இருந்தவனுக்கும், கூரைக் குடிசையில் சாக்கைப் போர்த்திக் கிடந்தவனுக்கும் தெர்மாமீட்டர் காட்டிய அளவு ஒன்றுதான். அந்தக் குளிரை அனுபவித்த விதம் ஒன்றா?

ஐரோப்பியப் பனியைப் பற்றி நமக்குப் பாடம் சொல்லத் தகுதி உள்ளவர்கள் நம் இனத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் ஈழத் தமிழர்கள். நம் பிள்ளைகள் கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தோடும் வேலை ஒப்பந்தத்தோடும் போகிறார்கள். அவர்களோ 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, எரிந்த வீட்டையும் இறந்த உறவையும் விட்டுவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள். நகையை அடகு வைத்து, காணியை ஈடு வைத்து ஏஜெண்டுக்குக் கொடுத்துப் போனவர்கள். 1980-களின் நடுவில் பலர் கிழக்கு பெர்லினில் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் சென்று அடைக்கலம் கேட்டார்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் பிறந்த உடம்பு, ஒரு சட்டையோடும் ஒரு கால்சட்டையோடும் பனியில் நின்றது.

நார்வே நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே முதலில் போன தமிழர்களில் ஒருவர் அந்தோணி ராஜேந்திரம். அவர் போனது 1956-இல். பின்னர் மாணவர்களாகவும் அகதிகளாகவும் போனவர்கள் பெருகினார்கள். 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் அந்நாட்டின் வடகோடியில் உள்ள பின்மார்க் பகுதி மீன் ஆலைகளில் நூற்றுக்கணக்கில் தமிழர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். உள்ளூர் இளைஞர்கள் தெற்கே நகரங்களுக்குப் போய்விட, காலியான இடத்தை நம்மவர்கள் நிரப்பினார்கள். ஈரத் தரை, கையுறைக்குள்ளும் விறைக்கும் விரல், ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ட், முன்னால் மீன். ஆலைக்கு வெளியே என்ன? அந்தப் பகுதியில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. உச்சிப் பொழுதில் கொஞ்சம் நீல வெளிச்சம், பிறகு மீண்டும் இருட்டு. சூரியனுக்குப் பொங்கல் வைக்கும் இனம், சூரியனே இல்லாத ஊரில் தைப்பொங்கல் கொண்டாடியது. பொங்கல் கழிந்து ஏறக்குறைய ஒரு வாரம் ஆன பிறகுதான் அங்கே சூரியன் தலைகாட்டும்.

குளிரைத் தாங்கியவர்களை அரசாங்கங்கள் எப்படி நடத்தின என்பதையும் நாம் மறக்கலாகாது. 1987 பிப்ரவரியில், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்புவதற்காக விமானம் ஏற்றப்படவிருந்த தமிழ் அகதிகள் தங்கள் ஆடைகளைக் களைந்து, உள்ளாடையோடு ஓடுதளத்தருகே நின்று போராடினார்கள். மாசி மாதத்துக் குளிரில் சட்டையைக் கழற்றி எறிந்தவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். திரும்பிப் போனால் காத்திருக்கும் கொடுமையைவிட அந்தக் குளிர் அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நீதிமன்றம் தலையிட்டது. அவர்களை ஏற்றிச் செல்ல இருந்த விமானம் அவர்கள் இல்லாமல் போனது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சரியான தாள்கள் இல்லாத பயணியை ஏற்றி வந்தால் தலைக்கு 1,000 பவுண்டு என்று விமான, கப்பல் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்தது அது. அதே ஆண்டில்தான் ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய கப்பலில் தமிழ் அகதிகளைக் காவலில் வைத்தார்கள். அக்டோபர் புயலில் கப்பல் கட்டறுந்து அலைந்த பிறகே அவர்களை வெளியே விட மனம் வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு அந்த மக்கள் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். எப்படி? தனியாக இல்லை, கூடி வாழ்ந்தார்கள். சுவிட்சர்லாந்தில் ஓட்டல் சமையலறைகளில் பாத்திரம் தேய்த்தவர்கள், வாடகைக் கூடங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002-இல் காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பி, தேர்த் திருவிழாவைக் கோடைக் காலத்தில் நடத்துகிறார்கள். சுவிஸ் தலைநகர் பெர்னில் 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட பல சமயங்களின் இல்லத்தில் சைவக் கோயில் ஒன்றும் இருக்கிறது. இந்தக் கோயில்களைப் பக்தி விஷயமாக மட்டும் பார்க்க வேண்டாம். பகுத்தறிவு பேசும் நம் தோழர்களுக்கும் சொல்கிறோம்: பனிக்காலத்தில் சூடான ஒரு கூடம், ஒரு பிடி சோறு, நம் பாஷையில் நாலு வார்த்தை, யாருக்கு வேலை போனது, யாருக்கு உடம்பு சரியில்லை என்ற தகவல் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஏற்பாடு அது. சங்கம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதைத்தான் அவர்கள் கட்டினார்கள்.

இனி நம் பிள்ளைகளுக்கு வருவோம். டிசம்பர் 21-ஆம் தேதி வாக்கில் பெங்களூரில் பகல் நேரம் பதினோரு மணி நேரத்துக்கு மேல். பெர்லினிலும் லண்டனிலும் எட்டு மணிக்கும் குறைவு. ஆஸ்லோவில் ஆறு மணி நேரம்தான். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பும் பிள்ளைக்கு மனம் சோர்வது பலவீனம் அல்ல; உடம்பு வெளிச்சத்தைத் தேடுகிறது. கறுத்த தோலுக்கு வைட்டமின் டி உண்டாக்க வெயில் அதிகம் வேண்டும். அந்த நாடுகளில் அக்டோபர் முதல் மார்ச் வரை அந்த வெயில் கிடையாது. அதனால்தான் பிரிட்டனில் குளிர்காலம் முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளும்படி சொல்கிறார்கள். கறுத்த தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதுமே அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். மாத்திரையின் விலை சொற்பம். தெரியாமல் இருப்பதன் விலை முதுகு வலி, எலும்பு வலி, சோர்வு.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்ட வானிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடைதான் உண்டு என்பது நார்வேக்காரர்களின் பழமொழி. சரிதான். ஆனால் நல்ல உடைக்குக் காசு வேண்டும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. இங்கே வாங்கும் கனத்த பருத்தி உடை அங்கே உதவாது. பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்து உடம்பைக் குளிர வைக்கும். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதற்கு மேல் இன்னொரு அடுக்கு, அதற்கும் மேல் காற்றையும் நீரையும் தடுக்கும் மேலுடை என்று அடுக்கடுக்காக உடுத்துவதுதான் முறை. பனியில் வழுக்காத செருப்பு மிக முக்கியம். இவற்றை அங்கேயே பழைய துணிக் கடைகளில் மலிவாக வாங்கலாம். இரவல் உடையில் வெட்கம் கிடையாது; காய்ச்சலில் கிடந்து சம்பளம் போவதுதான் நஷ்டம்.

அடுத்தது வாடகை. ஜெர்மனியில் வாடகைக்கு இரண்டு பெயர் உண்டு: குளிர் வாடகை, சூடு வாடகை. விளம்பரத்தில் குறைவாகத் தெரிவது குளிர் வாடகை. அறையைச் சூடேற்றும் செலவும் தண்ணீர், குப்பைச் செலவுகளும் சேர்ந்தால் அது சூடு வாடகை. மாதாமாதம் ஒரு உத்தேசத் தொகை கட்டியிருப்பான். ஆண்டு முடிந்ததும் கணக்குப் பார்த்து, கூடுதலாக எரித்திருந்தால் மிச்சத்தைக் கட்டு என்று பில் வரும். 2022-இல் உக்ரைன் போரைத் தொடர்ந்து எரிவாயு விலை எகிறியபோது இந்தப் பில்லைப் பார்த்துத் திகைத்த குடும்பங்கள் ஏராளம். பில்லுக்குப் பயந்து ஜன்னலை இறுக மூடி, உள்ளேயே சாம்பார் கொதிக்க வைத்து, உள்ளேயே துணி காயப்போட்டால் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் பூக்கும். வீட்டுக்காரன் அதற்கும் பணம் கேட்பான், மூச்சிரைப்பும் வரும். தினம் சில நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து மூட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். இங்கிருந்து போகும் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

உரிமையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வீட்டைச் சூடேற்றும் சாதனம் சரியாக இயங்கும்படி வைப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. அங்கே நகரந்தோறும் வாடகைக் குடியிருப்போர் சங்கங்கள் இருக்கின்றன. சந்தா கட்டிச் சேர்ந்தால் பில்லைச் சரிபார்த்துத் தருவார்கள். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2015 முதல் இருக்கிறது. தொழிற்சங்கங்களும் இருக்கின்றன. போன முதல் மாதமே இரண்டு சந்தாச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள்: ஒன்று வாடகைக்கு, ஒன்று வேலைக்கு.

எந்த ஊரானாலும் ஒரு எச்சரிக்கை. மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர் காயக்கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். இது ஐரோப்பாவில் இருப்பவருக்கும் பொருந்தும், நம் லேபர் ஷெட்டுகளில் இருப்பவருக்கும் பொருந்தும்.

பணத்தின் கணக்குக்கு வருவோம். ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளை 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முன்னதாகவே வங்கியில் கட்டிக் காட்ட வேண்டும் என்று ஆகியிருக்கிறது. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை போக மிச்சம் எவ்வளவு? படிக்கும் பிள்ளை ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய மட்டுமே அனுமதி. இதற்குள் அவன் சாப்பிட வேண்டும், உடுத்த வேண்டும், குளிர் காய வேண்டும். நாமோ இங்கிருந்து, "கடன்காரர் வந்து நிற்கிறார், இந்த மாதம் எவ்வளவு அனுப்புகிறாய்?" என்று கேட்கிறோம். அவன் ஹீட்டரை அணைத்துவிட்டுப் பணம் அனுப்புகிறான். தாய்மார்களே, தகப்பன்மார்களே! முதல் பனிக்காலத்தில் பிள்ளையிடம் பணம் கேட்காதீர்கள். குளிர்காலத்தில் ஜெர்மனியின் கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். நம் இரவுச் சாப்பாட்டு நேரம் அவனுக்குச் சாயங்காலம், இருட்டிவிட்ட நேரம். அப்போது கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா, அறை சூடாக இருக்கிறதா, வெளியே வெளிச்சத்தில் நடந்தாயா என்று கேளுங்கள். "நன்றாக இருக்கிறேன்" என்று ஒரே வார்த்தையில் பேச்சை முடிக்கிறவனைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

அரசாங்கங்கள் என்ன செய்கின்றன? 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் இடப்பெயர்வு ஒப்பந்தம் போட்டன. 2024 அக்டோபரில், திறன் பெற்ற இந்தியத் தொழிலாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. அவர்களுக்கு ஆள் வேண்டும். நமக்கு வேலை வேண்டும். நல்லது. ஆனால் 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவர் வேலைக்குப் போகுமுன் அரசு அனுமதி பெற வேண்டும் என்று வைத்த நாடுகளின் பட்டியலில் வளைகுடா நாடுகள் இருந்தன, மலேசியா இருந்தது. ஐரோப்பிய நாடு ஒன்றுகூட இல்லை. ஐரோப்பா என்றால் அங்கே தொழிலாளி சுரண்டப்பட மாட்டான் என்ற நினைப்பு போலும்! படிப்புக்கு அனுப்பும் கன்சல்டன்சிகளோ ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகளுக்கான அந்தச் சட்டத்தின் பிடிக்குள்ளேயே வரவில்லை. கேரள அரசின் நோர்கா நிறுவனம், செவிலியர்களிடம் கட்டணம் வாங்காமல் ஜெர்மன் மொழி கற்பித்து அனுப்பும் திட்டத்தை நடத்தி வந்திருக்கிறது. கேரளத்தால் முடிந்தது கர்நாடகத்தால் முடியாதா? பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கும் கன்னடப் பிள்ளைக்கும் உருதுப் பிள்ளைக்கும் இது பொதுக் கோரிக்கை. இதில் நாம் தனித்து நிற்கத் தேவையில்லை, சேர்ந்தே கேட்போம்.

வெளிநாட்டுக் குளிரைப் பேசும்போது நம் வாசலில் இருக்கும் குளிரையும் பேசாவிட்டால் நாம் நேர்மையானவர்கள் அல்ல. இன்று பெங்களூரில் அடுக்குமாடி கட்டுகிறவர்கள், மெட்ரோவுக்குக் குழி தோண்டுகிறவர்கள் யார்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். ராய்ச்சூர், கலபுரகிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மார்கழி இரவில் தகரக் கொட்டகையில், நீல பிளாஸ்டிக் விரிப்பின் கீழ் குழந்தை குட்டிகளோடு கிடக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் நாம் கிடந்த இடத்தில் இன்று அவர்கள் கிடக்கிறார்கள்.

1979-இல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன்கீழ் 1980-இல் வகுத்த மத்திய விதிகளில், பலர் படித்தே இராத ஒரு விதி உண்டு. வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடத்தில் ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு வெளிமாநிலத் தொழிலாளிக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கம்பளிக் கோட்டும் கம்பளிக் கால்சட்டையும் தர வேண்டும் என்பதே அது. பெங்களூரின் டிசம்பர் இரவு 20 டிகிரிக்குக் கீழேதான். ரயில்வே போன்ற மத்திய அரசுத் துறைகளின் ஒப்பந்த வேலைகள் இந்த விதிக்குள் வந்தவை. ஒப்பந்த வேலைக்கு வந்த எந்தத் தொழிலாளியின் உடம்பிலும் அந்தக் கம்பளிக் கோட்டை நாம் கண்டதில்லை. காகிதத்தில் கோட்டு, உடம்பில் சாக்கு. 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1979 சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய சட்டத்தில் இருந்த இடப்பெயர்வுப் படி இதில் இல்லை. கம்பளிக் கோட்டும் அதே வழியில் காணாமல் போக விடக்கூடாது.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. ஒன்று, படிப்புக்கும் வேலைக்கும் வெளிநாடு அனுப்பும் எல்லா நிறுவனங்களையும் ஒரே சட்டத்தின் கீழ் பதிவு செய்து, கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும். இரண்டு, கர்நாடக அரசு இலவச மொழிப் பயிற்சியோடு, போகிற நாட்டின் பருவநிலை, வாடகை, கூலி, சங்க உரிமை ஆகியவற்றைச் சொல்லித் தரும் வகுப்பை நடத்த வேண்டும். மூன்று, புதிய சட்டத் தொகுப்பின் விதிகளில் கம்பளி உடைக்கான உரிமை வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். கொடுத்ததற்குத் தொழிலாளியின் கையொப்பம் பெற்ற பதிவேடு இருக்க வேண்டும். நான்கு, கட்டட வேலை இடங்களில் மழைக்கும் பனிக்கும் தாங்கும் குடியிருப்பு இருக்கிறதா என்று குளிர்காலம் தொடங்குமுன் ஆய்வு நடக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை சங்கம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பா போயிருக்கும் நம் பிள்ளைகளின் ஊரையும் தொலைபேசி எண்ணையும் அவரவர் குடும்பத்தார் சங்கச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள். ஒரே நகரில் இருப்பவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைப்போம். புதிதாகப் போகிறவருக்கு, அங்கே இரண்டு பனிக்காலம் கண்டவர் ஒருவர் துணையாகப் பேசட்டும். ஊருக்குத் திரும்புகிறவர்கள் தங்களிடம் இருக்கும் நல்ல குளிர் உடைகளைச் சங்கத்தில் விட்டுச் செல்லட்டும், போகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். கார்த்திகை மாதம் பிறந்ததும் வீட்டில் மிஞ்சியிருக்கும் கம்பளிகளைத் திரட்டி, நம் பகுதியின் கட்டட வேலை இடங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். கொடுக்கும்போதே, இது தர்மம் அல்ல, உனக்குச் சட்டம் கொடுத்த உரிமை, அதைக் கேட்டு வாங்கு என்றும் சொல்லிவிட்டு வருவோம். இந்தியில் சொல்லத் தெரிந்த இளைஞர்கள் பெயர் கொடுங்கள். வேலை இந்த மாதமே தொடங்குகிறது.